ஒரு சிலந்தி, 30 கிளிக்... வீட்டுச் சுவரில் இருக்கும் சிலந்தியின் முகத்தை முழுசா ஷார்ப்பாக எடுப்பது எப்படி?

ஜன்னல் கம்பி மேல் ஒரு குட்டிச் சிலந்தி. பொட்டுக்கடலை சைஸ்தான் இருக்கும். பக்கத்தில் போனால் மற்ற பூச்சிகள் மாதிரி ஓடாமல், டக்கென்று திரும்பி நம்மையே பார்க்கிறது. அட, என்று மொபைலை எடுத்து நாலு போட்டோ தட்டிவிட்டு ஸூம் செய்து பார்த்தால் ஏமாற்றம்தான். கண் தெளிவாக இருந்தால் கால் மங்கல். கால் தெளிவாக இருந்தால் முகத்தையே காணோம்.

ஆனால் இன்ஸ்டாகிராமில் வரும் சிலந்திப் படங்களைப் பாருங்கள். முன்னால் இருக்கும் பெரிய கண்ணில் ஆரம்பித்து, முதுகில் இருக்கும் கடைசி முடி வரைக்கும் அவ்வளவு தெளிவு. லட்ச ரூபாய் கேமராவா? ஏஐ வேலையா?

பெரும்பாலும் இரண்டும் இல்லை. விஷயம் என்னவென்றால், அது ஒரே ஒரு போட்டோவே கிடையாது. 10, 20, சில நேரம் 100 போட்டோக்களை அடுக்கி ஒன்றாக்கிய படம். இதற்குப் பெயர் ‘ஃபோகஸ் ஸ்டேக்கிங்’. உயிருள்ள சிலந்தியை வைத்து இதைச் செய்வதில்தான் சுவாரஸ்யமும் இருக்கிறது, சிக்கலும் இருக்கிறது.

ஒரே கிளிக்கில் ஏன் முடியாது?

கேமராவுக்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய கண்ணாடித் தகடு நிற்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தகடுக்குள் வருவது மட்டும்தான் தெளிவாக விழும். முன்னாலும் பின்னாலும் இருப்பதெல்லாம் மங்கல். கல்யாண வீட்டில் குரூப் போட்டோ எடுக்கும்போது அந்தத் தகடு சில மீட்டர் தடிமனாக இருக்கும். அதனால் முன் வரிசை, பின் வரிசை எல்லோரும் தெளிவாக விழுந்துவிடுவார்கள். ஆனால் பொருளை நெருங்க நெருங்க, தகடு மெலிந்துகொண்டே போகும்.

எவ்வளவு மெலியும்? சிலந்தி நிஜத்தில் எவ்வளவு பெரியதோ, சென்சார் மேலும் அதே அளவில் விழுந்தால் அதை 1:1 என்பார்கள். பலரிடம் இருக்கும் சாதாரண டிஎஸ்எல்ஆர் கேமராவில், எஃப்/8 அப்பெர்ச்சரில், 1:1-ல் எடுத்தால் தெளிவாகக் கிடைக்கும் ஆழம் சுமார் 0.6 மி.மீ. இன்னும் கொஞ்சம் பெரிதாக்கி 2:1-க்குப் போனால் அது சுமார் கால் மி.மீ. ஆகிவிடும். அதாவது, ஏறக்குறைய ஒரு விசிட்டிங் கார்டின் தடிமன்.

நம் வீட்டுச் சுவரில் குதிக்கும் சிலந்தியின் உடல் நீளம் சுமார் 1 செ.மீ. அதன் முன்கண்ணிலிருந்து தலைப்பகுதி முடியும் இடம் வரைக்கும் மட்டும் 4 மி.மீ. வைத்துக்கொள்வோம். கால் மி.மீ. தகடுக்குள் 4 மி.மீ. முகத்தை எப்படி அடக்குவது?

“அப்பெர்ச்சரைச் சின்னதாக்கினால் ஆழம் கூடுமே?” என்று கேமரா தெரிந்தவர்கள் கேட்பார்கள். கூடும்தான். ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. ஒளி ரொம்பச் சின்ன ஓட்டை வழியாகப் போகும்போது ஓரத்தில் சிதறிப் பரவும். பள்ளிக்கூடத்தில் ‘விளிம்பு விளைவு’ என்று படித்தோமே, அதுதான். மேக்ரோவில் இது இன்னும் மோசம். கேமராவில் எஃப்/16 என்று வைத்தாலும், 1:1-ல் அது எஃப்/32 மாதிரியும், 2:1-ல் எஃப்/48 மாதிரியும் நடந்துகொள்ளும். முழுச் சிலந்தியும் ஓரளவு தெரியும். ஆனால் எந்த இடமும் பளிச்சென்று இருக்காது. முடிகள் எல்லாம் சேர்ந்து பஞ்சு மாதிரி ஆகிவிடும்.

பிரெட் ஸ்லைஸ் கணக்கு

ஒரே தகடில் முழு முகமும் அடங்காது என்றால், தகடைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நகர்த்தி எடுக்கலாமே? ஃபோகஸ் ஸ்டேக்கிங் அவ்வளவுதான்.

முதல் படத்தில் கண்ணுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முடி தெளிவு. அடுத்ததில் கண். அதற்கடுத்ததில் கண்ணுக்குப் பின்னால் இருக்கும் பகுதி. ஒரு முழு பிரெட்டை ஸ்லைஸ் போடுகிற மாதிரி, சிலந்தியை வெளிச்சத்தாலேயே ஸ்லைஸ் போடுகிறோம். பிறகு கம்ப்யூட்டரில் இருக்கும் மென்பொருள், ஒவ்வொரு படத்திலும் தெளிவான பகுதியை மட்டும் பொறுக்கி எடுத்து, மங்கலான பகுதியைத் தள்ளிவிட்டு, ஒரே படமாக ஒட்டிக்கொடுக்கும்.

ஒவ்வொரு ஸ்லைஸும் பக்கத்து ஸ்லைஸ் மேல் கொஞ்சம் ஏறி நிற்க வேண்டும். நடுவில் இடைவெளி விட்டால், முடிந்த படத்தில் அந்த இடம் மட்டும் மங்கலான பட்டையாகத் தெரியும். அதனால் கால் மி.மீ. ஆழம் கிடைத்தாலும், 0.15 மி.மீ. அளவுக்குத்தான் நகர வேண்டும். 4 மி.மீ. முகத்துக்கு 27 படம். தலைப்பில் சொன்ன 30 கிளிக் இங்கிருந்துதான் வருகிறது.

நகர்த்துவதற்கு இரண்டு வழி. லென்ஸில் இருக்கும் ஃபோகஸ் வளையத்தைத் திருப்பலாம். அல்லது கேமராவையே முன்னே நகர்த்தலாம். 1:1-க்கு மேல் போனால் இரண்டாவதுதான் வசதி. இதற்கென்றே திருகு வைத்த சின்ன ரெயில்கள் விற்கின்றன. இப்போது வரும் பல மிரர்லெஸ் கேமராக்கள் ஃபோகஸைத் தானே படிப்படியாக மாற்றி வரிசையாகச் சுட்டுத் தரும். ஒலிம்பஸ் 2015-லேயே தன் ஈ-எம்1 கேமராவில், 8 படங்களைக் கேமராவுக்குள்ளேயே ஒட்டித் தரும் வசதியைக் கொண்டுவந்துவிட்டது.

ஒட்டும் வேலைக்கு ‘ஹெலிகான் ஃபோகஸ்’, ‘ஜெரீன் ஸ்டேக்கர்’ என்ற இரண்டு மென்பொருள்கள் மேக்ரோ ஆட்களிடம் பிரபலம். இரண்டுமே காசு கொடுத்து வாங்க வேண்டியவை; முதலில் இலவசமாகப் போட்டுப் பார்க்கலாம். போட்டோஷாப் இருந்தால் அதிலேயே படங்களை நேராக அடுக்கி ஒட்டும் வசதி உண்டு. ஆனால் சிலந்தி மாதிரி உடம்பெல்லாம் முடி இருக்கும் உருவத்துக்கு, தனி மென்பொருள் கொடுக்கும் பலன் வேறு. ஜெரீனில் ‘பிமேக்ஸ்’ என்ற முறை ஒன்றோடொன்று குறுக்கே போகும் முடிகளை நன்றாகப் பிரித்துக் காட்டும். ஆனால் படத்தில் புள்ளி புள்ளியாக நாய்ஸ் கூடும். ‘டிமேப்’ முறை நிறத்தை இயல்பாக வைக்கும். ஆனால் முடி ஓரங்களில் புகை மாதிரி ஒரு வளையம் விழும். இரண்டு முறையிலும் ஓட்டி, ஒன்றின் நல்ல பகுதியை இன்னொன்றின் மேல் பிரஷ்ஷால் தடவி எடுப்பதுதான் அனுபவசாலிகளின் வழக்கம்.

எல்லாம் சரி, சிலந்தி சும்மா இருக்குமா?

இங்கேதான் நிஜமான சவால். ஸ்டேக்கிங்குக்கு ஒரே ஒரு நிபந்தனை: முதல் படத்திலிருந்து கடைசிப் படம் வரை பொருள் அசையக் கூடாது.

பிரிட்டன் போட்டோகிராஃபர் லெவன் பிஸ் எடுத்த ‘மைக்ரோஸ்கல்ப்சர்’ படங்கள் 2016-ல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் கண்காட்சியாக வைக்கப்பட்டன. ஒவ்வொரு பூச்சிப் படத்துக்கும் 8,000-க்கும் மேற்பட்ட போட்டோக்கள். ஆனால் அவை எல்லாம் அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைத்திருந்த பூச்சிகள். எத்தனை நாள் ஆனாலும் அசையாது.

உங்கள் ஜன்னல் கம்பிச் சிலந்திக்கு உயிர் இருக்கிறது, வேலையும் இருக்கிறது. அது நம்மைப் பார்த்து உறைந்து நிற்பது சில நொடிகள்தான். அப்போதும் வாயின் இரு பக்கமும் இருக்கும் குட்டிக் கைகளை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும். 27 படத்தையும் ஒட்டிப் பார்த்தால் இரண்டு கைக்குப் பதில் ஆறு கை முளைத்திருக்கும். இதை வெறுத்துப்போய் விட்டுவிட்டவர்கள் நிறையப் பேர்.

அதனால் உயிருள்ள சிலந்திக்கு ரெயில், ட்ரைபாட் எல்லாம் பெரும்பாலும் சரிப்படாது. கையில் கேமராவைப் பிடித்து, முழங்கையைச் சுவரில் ஊன்றி, மூச்சை அடக்கி, உடம்பை மெல்ல முன்னால் சாய்த்தபடியே பட்பட்டென்று 10, 15 படம் எடுப்பதுதான் நடைமுறை. அமெரிக்காவின் ஓக்லஹோமாவைச் சேர்ந்த தாமஸ் ஷாஹான், குதிக்கும் சிலந்திகளின் முகப் படங்களால் உலகம் முழுக்கப் பெயர் வாங்கியவர். அவர் ஆரம்பத்தில் பயன்படுத்தியது, பழைய லென்ஸைத் தலைகீழாகத் திருப்பி மாட்டிய எளிமையான செட்டப். இந்த ‘ரிவர்ஸ் ரிங்’ இன்றைக்கும் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. வீட்டில் சும்மா கிடக்கும் 50 மி.மீ. லென்ஸே மேக்ரோ லென்ஸ் ஆகிவிடும். லென்ஸின் பின்பக்கம் வெளியே திறந்திருக்கும். தூசு மட்டும் ஜாக்கிரதை.

இன்னொரு முக்கியமான சாமான், ஃபிளாஷ். அதன் சக்தியைக் குறைத்து, 1/16, 1/32 என்று வைத்தால் வெளிச்சம் வந்து போகும் நேரம் ரொம்பக் குறுகிவிடும். அதனால் கை நடுங்கினாலும் படம் நடுங்காது. அடுத்த கிளிக்குக்கும் ஃபிளாஷ் உடனே தயாராகிவிடும். ஆனால் ஃபிளாஷை நேராக அடித்தால் சிலந்தியின் பளபளக்கும் உடம்பில் வெள்ளைத் திட்டு விழும். நடுவில் ட்ரேசிங் பேப்பரோ, மெல்லிய வெள்ளை பிளாஸ்டிக்கோ வைத்து ஒளியை மென்மையாக்க வேண்டும். உருளையான சிப்ஸ் டப்பாவை வெட்டி, முனையில் டிஷ்யூ ஒட்டி வேலையை முடிப்பவர்களும் உண்டு. எதை வைத்தாலும் அதன் வடிவம் சிலந்தியின் கண்ணில் அப்படியே பிரதிபலிக்கும் என்பது ஞாபகம் இருக்கட்டும். கோணல்மாணலாக வெட்டினால் கண்ணிலும் கோணல்மாணல்தான்.

ஃபிரிட்ஜில் வைக்கலாமா?

சிலந்தி அசையாமல் இருக்க ஒரு ‘குறுக்கு வழி’ சொல்வார்கள். டப்பாவில் பிடித்து ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம் வைத்தால் மரத்துப்போய் நிற்கும், ஆற அமர 100 படம் எடுக்கலாம் என்று. சிலந்தியின் உடல் வெப்பம் சுற்றுப்புறத்தைப் பொறுத்தது. அதனால் குளிரில் அது ஸ்லோ ஆவது உண்மை. நேரம் கொஞ்சம் கூடினால் செத்துப்போவதும் உண்மை. நம் பொழுதுபோக்குக்காக எடுக்கிற ஒரு படத்துக்கு இது தேவையே இல்லாத வேலை. ஆராய்ச்சிக்காக மாதிரி சேகரிப்பது வேறு, லைக்குக்காகக் கொல்வது வேறு.

செத்த சிலந்தியை ‘உயிரோடு எடுத்தது’ என்று போட்டாலும் விவரம் தெரிந்தவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். சிலந்தி தன் கால்களை நீட்டுவது உடம்புக்குள் இருக்கும் திரவத்தின் அழுத்தத்தால். கிட்டத்தட்ட ஹைட்ராலிக் ஜேசிபி மாதிரி. உயிர் போனதும் அழுத்தம் போய்விடும். கால்கள் உள்பக்கம் சுருண்டுகொள்ளும். செத்த சிலந்தி ஏன் எப்போதும் காலை மடக்கியே கிடக்கிறது என்பதற்கு இதுதான் காரணம்.

பொறுமை இருந்தால் வேறு வழிகள் உண்டு. சிலந்தி இரையைப் பிடித்துச் சாப்பிட ஆரம்பித்துவிட்டால் ரொம்ப நேரம் ஒரே இடத்தில் நிற்கும். ஸ்டேக்கிங்குக்கு இதைவிட நல்ல நேரம் கிடையாது. அதிகாலைக் குளிரிலும் அசைவு குறைவு. முட்டையைக் காத்துக்கொண்டிருக்கும் தாய்ச் சிலந்தியும் நகராது. ஆனால் அதை விட்டுவிடுவதே நல்லது. தொந்தரவு அதிகமானால் முட்டையை விட்டுவிட்டு ஓடிவிடலாம்.

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?

படம் எடுக்க முதல் சாய்ஸ், சந்தேகமே இல்லாமல் குதிக்கும் சிலந்திதான். வலை கட்டி உட்கார்ந்திருக்காது. பார்த்து, பதுங்கி, பாய்ந்து வேட்டையாடும். ஈ, கொசு, குட்டிப் பூச்சிகள் இதன் சாப்பாடு. பாய்வதற்கு முன் ஒரு நூலைச் சுவரில் ஒட்டிவிட்டுத்தான் பாயும். குறி தவறினாலும் கீழே விழாது.

கூரை மூலையில், ஒட்டடைக்குள் தலைகீழாகத் தொங்கும் நீளக்கால் சிலந்தி இன்னொன்று. தொட்டால் உடம்பையே ஊஞ்சல் மாதிரி வேகமாக ஆட்டி, எங்கே இருக்கிறது என்றே தெரியாமல் செய்துவிடும். ஸ்டேக்கிங்குக்கு எதிரி நம்பர் 1. நாம் ஒட்டடைக் குச்சியோடு துரத்தும் இந்த வகையில், ‘கிராசோப்ரைசா லயோனி’ என்ற இனம் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவைப் பிடித்துத் தின்பதைத் தாய்லாந்தில் நடந்த ஆய்வு பதிவு செய்திருக்கிறது.

பாத்ரூம் கதவுக்குப் பின்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஒட்டிக்கொண்டு, அலற வைக்கும் பெரிய சிலந்தி மூன்றாவது. ‘ஹன்ட்ஸ்மேன்’ என்பார்கள். கரப்பான்பூச்சி என்றால் இதற்குக் கொள்ளை ஆசை. பெண் சிலந்தி தன் முட்டைப் பையை வட்டமான வெள்ளை மாத்திரை மாதிரி வயிற்றுக்கு அடியில் சுமந்துகொண்டே திரியும்.

“கடிச்சா என்ன ஆகும்?” என்பதுதான் அடுத்த கேள்வி. இந்த மூன்றாலும் நம் உயிருக்கு ஆபத்து கிடையாது. ஹன்ட்ஸ்மேனைக் கையால் பிடித்தால் கடிக்கலாம், வலிக்கும். அதனால் பிடிக்க வேண்டாம். எட்டுக்கால் பூச்சி மேலே ஊர்ந்தால் அக்கி வரும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வதுண்டு. அக்கிக்குக் காரணம் சிலந்தி இல்லை. சின்னம்மை வந்தவர்களின் உடம்பிலேயே பல வருடம் பதுங்கியிருந்து திரும்பவும் தலைதூக்கும் வைரஸ். அக்கி வந்தால் டாக்டரிடம்தான் போக வேண்டும், சுவரில் இருந்த சிலந்தியைத் தேடி அடிப்பதில் பயனில்லை.

நமக்குத் தொல்லை, அதற்கு அளவுகோல்

இத்தனை பாடுபட்டு நாம் ஒழிக்கப் பார்ப்பது மங்கலைத்தானே? அதே மங்கலை வைத்துத்தான் குதிக்கும் சிலந்தி தூரத்தை அளக்கிறது. கேட்க விசித்திரமாக இருந்தாலும், இது சோதித்துப் பார்த்த உண்மை.

குதிக்கும் சிலந்திக்கு 8 கண்கள். நடுவில் இருக்கும் பெரிய ஜோடிக் கண்கள் உள்ளே நீளமான குழாய் மாதிரி போகின்றன. அதன் கடைசியில் இருக்கும் விழித்திரை, நம்முடையது மாதிரி ஒரே படலம் கிடையாது; ஒன்றன் பின் ஒன்றாக 4 அடுக்கு. ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ‘ஹசாரியஸ் அடான்சோனி’ என்ற சிலந்தியை வைத்துச் செய்த ஆய்வு 2012-ல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியானது. இந்தியா உட்பட வெப்ப நாடுகளில் வீட்டுக்குள் வாழும் சிலந்திதான் இது.

அந்த அடுக்குகளில் ஆழத்தில் இருக்கும் இரண்டும் பச்சை ஒளியை உணர்பவை. ஆனால் பச்சை ஒளி ஒரு அடுக்கில் மட்டும்தான் தெளிவாக விழுகிறது. அதற்கு அடுத்ததில் எப்போதும் மங்கலாகவே விழுகிறது. அப்படியென்றால் அந்த இரண்டாவது அடுக்கு எதற்கு? இரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ அதற்கேற்ப மங்கலின் அளவு மாறும். தெளிவையும் மங்கலையும் ஒப்பிட்டு, பாய வேண்டிய தூரத்தைச் சிலந்தி கணக்குப் போடுகிறது.

இதைச் சோதிக்க அவர்கள் செய்த வேலை ரொம்ப எளிமையானது. பச்சை வெளிச்சத்தில் சிலந்தியைப் பாய விட்டார்கள்; சரியாகப் போய்ப் பிடித்தது. சிவப்பு வெளிச்சத்தில் விட்டார்கள். இரைக்கு முன்னாலேயே விழுந்தது. நிறம் மாறியதும் ஒளி குவியும் இடம் மாறுகிறது, மங்கலின் அளவும் மாறுகிறது, கணக்குத் தப்பிவிடுகிறது.

அதாவது, நாம் 27 படம் எடுத்துச் செய்கிற வேலைக்கு அது இரண்டு அடுக்கு விழித்திரையை வைத்திருக்கிறது. நாம் மங்கலைத் தூக்கிப் போடுகிறோம், அது பயன்படுத்திக்கொள்கிறது.

படம் எடுக்கும்போது இன்னொன்றையும் கவனிக்கலாம். அந்தப் பெரிய கண்களின் லென்ஸ் அசையாது. உள்ளே இருக்கும் குழாய்தான் தசைகளால் அசையும். அதனால் வெளிறிய நிறச் சிலந்திகளின் கண் ஒரு நேரம் கருப்பாகவும், ஒரு நேரம் தேன் நிறமாகவும் தெரியும். நன்றாகக் கருத்திருந்தால் அந்த நொடியில் அது நேராக உங்களைப் பார்க்கிறது. பாதிப் படத்தில் கருப்பு, பாதிப் படத்தில் தேன் நிறம் என்று வந்தால் ஒட்டும்போது கண் திட்டுத் திட்டாகிவிடும். கண்ணுக்கு மட்டும் ஒரே ஒரு நல்ல படத்தை எடுத்துக்கொள்வது நல்லது.

மொபைலில் முடியுமா?

ஓரளவு முடியும். மொபைலின் சென்சார் சின்னது. அதனால் தெளிவாகக் கிடைக்கும் ஆழம் கொஞ்சம் அதிகம். இது நமக்குச் சாதகம். சில மாடல்களில் 2, 3 செ.மீ. வரை நெருங்கி எடுக்கும் மேக்ரோ மோடு இருக்கிறது. இல்லாதவர்கள் கிளிப் போட்டு மாட்டும் மேக்ரோ லென்ஸ் வாங்கலாம். அவ்வளவு நெருங்கினால் மொபைலின் நிழலே சிலந்தி மேல் விழும் என்பதுதான் தொல்லை. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் வருகிற மாதிரி நின்றுகொள்ளுங்கள்.

ப்ரோ மோடில் ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி 6, 7 படம் எடுக்கலாம். இன்னொரு வழி வீடியோ. ஃபோகஸை லாக் செய்து, 4கே வீடியோவை ஓடவிட்டு, மொபைலை மெதுவாக முன்னால் நகர்த்துங்கள். 4கே வீடியோவின் ஒவ்வொரு ஃபிரேமும் சுமார் 8 மெகாபிக்சல் படம். வேண்டிய ஃபிரேம்களைப் பிரித்தெடுத்து கம்ப்யூட்டரில் ஒட்டலாம். முதல் முயற்சிக்கே சிலந்தி வேண்டாம். ஒரு மிளகையோ ஏலக்காயையோ வைத்துப் பழகுங்கள். அது ஓடாது.

நல்ல படம் வந்துவிட்டால், எத்தனை படங்களை ஒட்டியது என்பதையும் சேர்த்து எழுதிப் போடுங்கள். “இது ஏஐ தானே?” என்ற கமெண்ட்டுக்கு அதுதான் பதில். ஒட்டுவதற்கு முன் எடுத்த தனித்தனிப் படங்களையும் அழிக்காமல் வைத்திருங்கள்.

என்ன சிலந்தி என்று தெரிய வேண்டுமானால் ஐநேச்சுரலிஸ்ட், இந்தியா பயோடைவர்சிட்டி போர்ட்டல் போன்ற தளங்களில் ஏற்றலாம். சிலந்திகளின் குடும்பத்தைக் கண்டுபிடிக்க, 8 கண்களும் எந்த வரிசையில் இருக்கின்றன என்பது முக்கியமான அடையாளம். ஸ்டேக் செய்த படத்தில் அது துல்லியமாகத் தெரியும். ஆனால் எந்த இனம் என்று சொல்ல முகம் மட்டும் போதாது. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, சாதாரணப் படமாக இருந்தாலும் பரவாயில்லை, சிலந்தி நகர்வதற்குள் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.